ஏகசயன சாஸ்திரம்

உத்தியோக நிமித்தமாக வெளியூர் சென்ற ஒருவன், பகலெல்லாம் பிறருடைய கணக்குப் புத்தகங்களோடு மல்லாடிவிட்டு, இரவு எட்டரை மணிக்கு இரண்டு இட்லியும் ஓர் ஊத்தப்பமும் உண்டு, விடுதி அறைக்குத் திரும்பி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தனக்கென ஒதுக்கப்பட்ட கட்டிலில் சாயப்போகும் சமயத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் கிடக்கும் மற்றொரு கட்டிலில் தன் அலுவலகத்து மேலாளரோ சகாவோ ஏற்கெனவே பனியனோடு சாய்ந்திருப்பதைக் காணும்போது, அவனுக்கு உண்டாகிற மனநிலைக்கு நம் பாஷையில் இதுவரை ஒரு பெயர் ஏற்படவில்லை. துக்கம் என்றால் மிகையாகும். சலிப்பு என்றால் போதாது. மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்த தொல்காப்பியனார் இளிவரல், அச்சம், வெகுளி ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துவிட்டுப் போனாரேயன்றி, இம்மூன்றும் ஒரே இரவில், ஒரே மனிதனிடத்தில், வாய்விட்டுச் சொல்லவும் முடியாத மரியாதையோடு கலந்து எழக்கூடும் என்பதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் காலத்திலும் பொருள்வயிற் பிரிவு உண்டுதான். பிரிந்து போன தலைவன் இரவில் யாரோடு அறையைப் பகிர்ந்துகொண்டான் என்று தோழியும் கேட்கவில்லை, செவிலியும் கேட்கவில்லை.

இக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டே இச்சிறு ஆராய்ச்சி மேற்கொள்ளப்படுகிறது. ஓர் அறையில் ஒருவன் தனித்து உறங்குவதை ஏகசயனம் என்றும், இருவர் உறங்குவதைத் துவிசயனம் என்றும் வசதிக்காக வழங்குவோம். பின்னதற்கு மனிதவளப் பிரிவினர் இட்டிருக்கும் பெயர் 'ட்வின் ஷேரிங்'. அப்பெயரைக் கேட்கிறவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள் ஒரே தொட்டிலில் கைகோத்துக் கிடப்பது போன்ற ஒரு கனிவு தோன்றுமேயொழிய, ஐம்பத்து மூன்று வயதுக் கணக்கர் ஒருவர் தைலம் தடவிய முழங்காலோடு பக்கத்தில் படுத்திருக்கும் காட்சி தோன்றாது. 'எக்ஸ்ட்ரா பெட்' என்ற பெயரில் மூன்றாமவருக்குத் தரையில் ஒரு மெத்தையைப் போட்டுவிடும் திரிசயனம் என்பதொன்றும் உண்டு. மனவலிமை குன்றியவர்களை உத்தேசித்து அதை இங்கே விவரியாமல் விடுகிறேன். கையில் காசுள்ளவன் வித்தியாசத் தொகையை வீசி எறிந்துவிட்டுத் தனி அறைக்குப் போய்விடுவான். அவனுக்குச் சாஸ்திரம் வேண்டியதில்லை. நிறுவனம் கொடுக்கும் படிக்குள்ளேயே, சொந்தப் பணம் ஒரு காசும் கரையாமல், சகாவின் மனமும் கோணாமல் ஏகசயனத்தை எய்துவது எங்ஙனம் என்பதே நம்முடைய விசாரணை. இதற்கு எனக்குள்ள யோக்கியதையெல்லாம், தணிக்கை வேலையாக இருபத்திரண்டு ஆண்டுகள் தமிழ்நாட்டு ஊர்களில் அலைந்ததும், அவற்றில் பாதி இரவுகள் விழித்துக் கிடந்ததும்தான்.

முதலில் பூர்வபட்சத்தை எடுத்துக்கொள்வோம். துவிசயனத்தின் ஆதரவாளர்கள் எல்லா நிறுவனங்களிலும் கணக்குப் பிரிவிலேயே வாசம் செய்கிறார்கள். அவர்களுள் சம்பிரதாயம் அறிந்த ஒருவர், தனி அறை கோரி நான் எழுதிய விண்ணப்பத்துக்கு விடையாகத் திருக்கோவலூர் விருத்தாந்தத்தையே என் முன் எடுத்து வைத்தார். மழையும் இருளுமான ஓர் இரவில் பொய்கையாழ்வார் அவ்வூரில் ஓர் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருக்க, பூதத்தாழ்வார் வந்து இடம் உண்டோ என்று வினவ, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று முன்னவர் எழுந்து உட்கார, பின்னர்ப் பேயாழ்வாரும் வந்து சேர, மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நிற்க, நான்காவதாக யாரோ நெருக்குவதை உணர்ந்து, அவர் பெருமாளே என்று தெளிந்து, ஆளுக்கு நூறு பாசுரமாக மூன்று திருவந்தாதிகள் பாடினார்கள் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. "அவ்வளவு பெரியவங்களே அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாங்க சார்" என்று தம் வாதத்தை முடித்தார் கணக்கர்.

அவருடைய பக்தியை மதிக்கிறேன், வாதத்தை ஏற்பதற்கில்லை. ஒருவர் வந்தவுடன் படுத்திருந்தவர் உட்கார நேர்ந்தது. இன்னொருவர் வந்தவுடன் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து நிற்க நேர்ந்தது. ஆள் கூடக் கூடச் சயனம் குறையும் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான பிரமாணம் வேண்டுவாருக்கு வேறெதைக் காட்டினாலும் விளங்காது. அன்றிரவு அந்த இடைகழியில் எவரும் கண்ணயர்ந்ததாக வரலாறு சொல்லவில்லை. முந்நூறு பாசுரம் பாடிய மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அம்மூவரும் எந்தக் கிளை அலுவலகத்திலும் ஆஜராகிக் கையிருப்பு எண்ண வேண்டியிருக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மேலும், அங்கே வந்து நெருக்கியவர் பகவான். என் அறையில் இருந்தவர் உதவி மேலாளர்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். நம் முன்னோர் சத்திரங்களில் வரிசையாகப் படுத்துறங்கியவர்கள்தாமே? மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் ராணியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும் மங்கம்மாள் சத்திரத்திலும், தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் பாதை நெடுகக் கட்டிவைத்த சத்திரங்களிலும் வழிப்போக்கர்கள் யார் எவர் என்று கேளாமல் பக்கத்தில் பக்கத்தில் மேல்துண்டை விரித்துப் படுத்தார்களே. அவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது? கதவிலிருந்து வந்தது என்பது என் துணிபு. திண்ணைக்குக் கதவு கிடையாது. பிடிக்காதவன் பாயைச் சுருட்டிக்கொண்டு கோடித் தூணுக்குப் போய்விடலாம். காற்று யாருடைய அனுமதியையும் கேளாமல் வீசும். குறட்டை தெருவோடு போய்விடும். இதே மனிதர்களைப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் இருத்தி, உள்ளே தாழ்ப்பாளும் போட்டுவிட்டால், யார் தாழ்ப்பாளைப் போடுவது, யார் விளக்கை அணைப்பது, காலையில் குளியலறைக்குள் முதலில் யார் போவது என்ற மூன்று ராஜ்யப் பிரச்சினைகள் உடனே முளைத்துவிடுகின்றன. அந்தக் குளியலறையின் கதவோ, உள்ளே நிகழும் ஒவ்வொரு சப்தத்தையும் வெளியே ஒப்பிக்கும் பிளாஸ்டிக் கதவாக இருப்பது நம் விடுதிக் கட்டடக் கலையின் மாறாத லட்சணம்.

பிற தேசத்துச் சான்றுகளும் நம் பக்கமே சாய்கின்றன. ஆபிரகாம் லிங்கன் இல்லினாய் மாநிலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில், எட்டாவது வட்ட நீதிமன்றத்தோடு ஊர் ஊராகச் சென்ற வக்கீல்கள் சிற்றூர் விடுதிகளில் கட்டிலுக்கு இருவராகப் படுத்தார்கள். நீதிபதி டேவிட் டேவிஸ் மட்டும் தனிக் கட்டிலில் சயனித்தார். அவருடைய எடை சுமார் முந்நூறு பவுண்டு. பதவியினாலன்றிச் சரீரத்தினால் ஏகசயனம் பெற்றவர் என்ற வகையில் அவர் ஆராய்ச்சிக்குரியவர்; ஆயினும் அவ்வழியைப் பின்பற்ற ஆகும் சாப்பாட்டுச் செலவைக் கணக்கிட்டால் அது நம் வரம்புக்குள் அடங்குவதில்லை.

இதனினும் முக்கியமான விருத்தாந்தம் 1776ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நிகழ்ந்தது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் வெளியாகி இரண்டு மாதங்களே ஆகியிருந்த வேளையில், பிரிட்டிஷ் தளபதி ஹோவுடன் சமாதானம் பேசுவதற்காகக் காங்கிரஸ் சபை அனுப்பிய மூவரில் பெஞ்சமின் பிராங்கிளினும் ஜான் ஆடம்ஸும் இருந்தனர். முன்னவருக்கு வயது எழுபது, பின்னவருக்கு நாற்பது. வழியில் நியூ பிரன்ஸ்விக் என்ற ஊரில் விடுதிகளெல்லாம் நிரம்பி வழிந்தமையால், இருவருக்குமாகக் கட்டிலைவிடச் சற்றே பெரிதான ஓர் அறையும், அதில் ஒரே கட்டிலும், ஒரே ஒரு சிறு ஜன்னலும்தான் கிடைத்தன. இரவுக் காற்றுக்கு அஞ்சிய ஆடம்ஸ் ஜன்னலைச் சாத்தினார். சாத்தினால் மூச்சு முட்டிவிடும், திறந்து வையுங்கள் என்றார் பிராங்கிளின். அதோடு விட்டாரா? கட்டிலுக்கு வந்து படுங்கள், ஜலதோஷம் குளிர்ந்த காற்றினால் வருவதன்று என்ற என் சித்தாந்தத்தை விளக்குகிறேன் என்று தொடங்கி, காற்று, சுவாசம், வியர்வை முதலியவற்றைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்யலானார். ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுத்த ஆடம்ஸ் பிரசங்கத்தின் நடுவிலேயே உறங்கிப்போனார். பிரசங்கியும் சற்றைக்கெல்லாம் உறங்கினார்.

சமாதானப் பேச்சு தோல்வியுற்றது. அதைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. நாம் நோக்க வேண்டியது, ஆடம்ஸ் தம் நாட்டின் இரண்டாவது ஜனாதிபதியாக இருந்து இறங்கிய பிறகு, கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துச் சுயசரிதை எழுத உட்கார்ந்தபோது, அந்த ஜன்னலை மறக்கவில்லை என்பதுதான். பிராங்கிளின் 1790இல், எண்பத்து நான்காம் வயதில் இறந்ததற்கும், திறந்த ஜன்னலருகே உட்கார்ந்து அவர் குளிர் வாங்கிக்கொண்டதே காரணமென்றும், தம் சித்தாந்தத்துக்கே அவர் பலியானார் என்றும் ஆடம்ஸ் எழுதி வைத்திருக்கிறார். ஓர் இரவு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்ட குற்றத்துக்கு இவ்வளவு நீண்ட ஞாபகம். ஒரு தேசத்தை ஸ்தாபித்த மகான்களின் நிலையே இதுவானால், அரையாண்டுத் தணிக்கைக்குப் புறப்பட்ட இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே அறையில் இருந்து சிநேகம் வளர்ப்பார்கள் என்று நம்பும் மனிதவளப் பிரிவினரின் மானிட ஞானத்தைப் பற்றி என்ன சொல்வது!

விஞ்ஞானிகளின் கூற்றையும் ஒருவாறு பார்த்துவிடுவோம். புது இடத்தில் தூக்கம் வராது என்பது நம் பாட்டிமார் சொல்லிவந்த வார்த்தை. 2016இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் காரணம் கண்டார்கள்: பழகாத இடத்தில் முதல் இரவு உறங்கும்போது மூளையின் இரு பாதிகளில் இடப்பாதி முழுவதும் அயராமல், காவற்காரனைப் போல வெளிச் சப்தங்களுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறதாம். ஆக, வெளியூர் சென்றவன் தனியறையில் படுத்தாலும் பாதித் தூக்கத்துக்குத்தான் பாத்தியதை உடையவன். எஞ்சிய பாதியையும் சகா எடுத்துக்கொண்டால் அவனுக்கு மிச்சம் என்ன? உறங்கும் அறைக்குள் சப்தம் 30 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் ஒரு வரம்பு கட்டியது. 1993இல் ஸ்வீடன் நாட்டவர் ஒருவரின் குறட்டை 93 டெசிபல் வரை எழுந்ததாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. அவர் தணிக்கைத் துறையைச் சேர்ந்தவரா என்பதைப் புத்தகம் தெரிவிக்கவில்லை.

குறட்டைக்கு அடுத்தபடியாகச் சீதோஷ்ண விவகாரம். ஏ.சி. அறையில் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவனே அவ்விரவுக்கு அரசன். மற்றவன் போர்வைக்குள் பிரஜை. பதினெட்டுக்கும் இருபத்தாறுக்கும் இடையே நள்ளிரவு வரை நடக்கும் இந்த மௌன யுத்தத்தில் அரசாங்கமே தலையிட நேர்ந்ததோ என்னவோ, 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வரும் அறை ஏ.சி.க்களெல்லாம் இயக்கியவுடன் 24 டிகிரியில்தான் நிற்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்துவிட்டது. மின்சாரச் சிக்கனம் என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தீட்டிய அதிகாரியும் எப்போதோ ஒருமுறை எவரோடோ அறையைப் பகிர்ந்திருப்பார் என்று நான் சந்தேகிக்கிறேன். ஏ.சி. இல்லாத அறையில் இதே வழக்கு மின்விசிறியின் ரெகுலேட்டருக்கு மாற்றப்படுகிறது. ஐந்தில் வைத்தால் ஒருவருக்குச் சளி; மூன்றில் வைத்தால் மற்றவருக்குக் கொசு; நான்கு என்பது நம் விடுதி ரெகுலேட்டர்களில் எழுத்தளவில் உண்டே தவிர, அங்கே திருப்பினாலும் விசிறி மூன்றின் வேகத்தில்தான் சுற்றும்.

நோய் இன்னதென்று கண்டோம், இனி மருந்து.

மத்திய அரசு 2017 ஜூலையில் பிறப்பித்த பயணப்படி ஆணையில் விடுதி வாடகைக்கு ஓர் ஏணி இருக்கிறது. அப்போது வகுத்தபடி, ஊதிய நிலை 14க்கும் அதற்கு மேலும் உள்ளவர்க்கு நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை. 12, 13ஆம் நிலைகளுக்கு 4,500. 9 முதல் 11 வரை 2,250. 6 முதல் 8 வரை 750. 5ஆம் நிலைக்கும் அதற்குக் கீழும் 450. இவ்வேணியின் உச்சிப் படியில் இருப்பவர் எவரோடும் அறையைப் பகிர்ந்துகொள்வதில்லை. கடைசிப் படியில் இருப்பவருக்கோ தம் தொகையை இன்னொருவர் தொகையின் மேல் சேர்த்து வைத்தால்தான் ஓர் அறையே கண்ணுக்குத் தெரியும். தனியார் நிறுவனங்களில் இதே ஏணி, எழுதப்படாமல், சுவரில் சார்த்தப்பட்டு நிற்கிறது.

ஆகவே கீழ்ப்படியில் இருப்பவன் செய்யத்தக்க முதற் காரியம், ஒரு பெரிய அறையை இரண்டு சிறிய அறைகளாக மாற்றிக் கேட்பது. பேருந்து நிலையத்தருகே கண்ணாடிக் கதவு வைத்த விடுதியில் ஏ.சி. இரட்டை அறை ஒன்று 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, கீழே மருந்துக்கடையும் மாடியில் லாட்ஜுமாக உள்ள கட்டடத்தில் சாதாரண 'சிங்கிள்' 900 ரூபாய்க்கு அகப்படும். இரண்டு சிங்கிள் எடுத்தாலும் நிறுவனத்துக்கு 600 ரூபாய் லாபம். இவ்வளவு எளிய கணிதம் ஏன் எங்கும் கைக்கொள்ளப்படவில்லை என்று நெடுநாள் திகைத்திருந்தேன். காரணம் கணக்குப் பிரிவில் இல்லை. நம் சகாவிடத்திலேயே இருக்கிறது. கண்ணாடிக் கதவு விடுதியில் காலைப் பலகாரம் இலவசம். பொங்கல், வடை, பூரி, நறுக்கிய பப்பாளி, கூடவே ஒரு மூலையில் யாரும் தொடாத கார்ன்ஃபிளேக்ஸ் ஆகியவற்றின் பொருட்டு அம்மனிதர் எட்டு மணி நேர நித்திரையை விற்கச் சித்தமாயிருக்கிறார். இத்தகையவரிடம் வாதிக்கலாகாது. மாடி லாட்ஜுக்குக் கீழே விடியற்காலை ஐந்தரைக்கே திறக்கும் ஒரு மெஸ்ஸின் பெயரை மெல்லச் சொல்லி, அங்கே நெய்ப்பொங்கல் விசேஷம் என்று ஒரு வார்த்தை போட்டு வைக்க வேண்டும்.

இம்முறைக்கு இடையூறு விளைப்பது ரசீது. கணக்குப் பிரிவு ஜி.எஸ்.டி. எண்ணிட்ட ரசீது கேட்கும். மாடி லாட்ஜின் மேலாளரோ கார்பன் தாள் வைத்து எழுதிய கைரசீதைக் கொடுத்து, அதில் பிள்ளையார் படத்துக்குக் கீழே கையெழுத்தும் போட்டுத் தருவார். வரியைப் பற்றிய வரலாறும் ஏகசயனத்துக்கு அனுகூலமாக இருந்ததில்லை. நாள் வாடகை ஆயிரம் ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2022 ஜூலை 18 வரை ஜி.எஸ்.டி. விலக்கு இருந்தது; அன்றைய தினம் அவ்விலக்கை நீக்கி 12 சதவீதம் விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22இல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கெல்லாம் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஏழையின் ஏகாந்தம் மூன்று ஆண்டுக்கு மேல் நூற்றுக்குப் பன்னிரண்டு வரி கட்டிற்று என்பதை எதிர்கால சரித்திராசிரியர்கள் கவனிக்க.

இதனினும் நுட்பமானது கால சாஸ்திரம். ஆவணி, தை, வைகாசி மாதங்களில் வளர்பிறை முகூர்த்த நாளன்று கும்பகோணத்திலோ மதுரையிலோ முகாம் போட ஒப்புக்கொள்கிறவன் துவிசயனத்தைத் தானே விலை கொடுத்து வாங்குகிறான். மாப்பிள்ளை வீட்டார் மொத்த லாட்ஜையும் பிடித்திருப்பார்கள், எஞ்சிய ஓர் அறையில் இவனும் உதவி மேலாளரும் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். திருவண்ணாமலைக்குப் பௌர்ணமியன்று போகிறவனைப் பற்றிப் பேசவே வேண்டாம். கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் லாட்ஜ்காரர்கள் இரக்க சித்தர்களாகிவிடுகிறார்கள். ஆகையால் தணிக்கை அட்டவணை தயாரிக்கிறவன் கம்பெனிச் சட்டத்தைப் புரட்டுமுன் பாம்புப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவது உத்தமம்.

நாளுக்கு அடுத்தபடி நாழிகை. நம் பக்கத்து லாட்ஜுகளில் இருவகை வழக்கு உண்டு. சில இடங்களில் பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் காலி செய்ய வேண்டும். சில இடங்களில் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எழும்பூரிலிருந்து புறப்பட்டு விடியற்காலை ஐந்து மணி வாக்கில் திருச்சியில் இறங்குகிறவன் முதல்வகை விடுதிக்குப் போனால், ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகையும், பன்னிரண்டுக்குப் பின் இன்னொரு நாள் வாடகையும் அழுவான். இரண்டாம் வகைக்குப் போனவன் ஒரே வாடகையில் ஐந்திலிருந்து ஐந்து வரை ஆள்வான். மீதமான ஒரு நாள் வாடகையே அவனுடைய தனியறைக்கு மூலதனம்.

இவ்விசாரணையைச் சற்று நீட்டினால் ஒரு விபரீதமான முடிவு கிடைக்கிறது. ஒரே நாள் வேலையாக இருந்தால், போகும் இரவையும் திரும்பும் இரவையும் ரயிலிலேயே கழித்துவிடலாம். அறை என்பது குளிப்பதற்கும் பெட்டி வைப்பதற்கும் மட்டும்தான். ரயில் நிலையத்து ஓய்வறையே அதற்குப் போதும். உறுதியான பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண் இருந்தால் 48 மணி நேரம் வரை கொடுப்பார்கள். இந்த முறையைப் பல ஆண்டுகள் அனுஷ்டித்து நிம்மதியாக உறங்கி வந்த நான், ஒருநாள் விழுப்புரம் தாண்டிய பிறகு நடுபெர்த்தில் திடுக்கென்று விழித்து யோசித்தேன். பழைய வகை ஸ்லீப்பர் பெட்டியில் 72 பேர் படுக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேராவது குறட்டை விடுகிறார்கள். ஒரு குழந்தை அழுகிறது. மேல் பெர்த்துக்காரரின் கால் என் மூக்குக்கு நேரே தொங்குகிறது. இரவு இரண்டு மணிக்கு யாரோ புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். 71 பேரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு மரக்கட்டை போல் உறங்குகிற நான், ஒரே ஒருவரோடு பகிர மாட்டேன் என்று ஏன் இருபது வருஷம் மன்றாடினேன்?

அந்த 71 பேரில் ஒருவரும் நாளைக்கு என் அலுவலகத்துக்கு வரப்போவதில்லை. என் பனியனில் உள்ள ஓட்டையை அவர்கள் கண்டாலும், மனைவியிடம் நான் கைபேசியில் கெஞ்சியதைக் கேட்டாலும், உறக்கத்தில் நான் உளறிய பெயரை அறிந்தாலும், அவை தாம்பரத்தில் அவரவர் பெட்டிகளோடு இறங்கிவிடும். உதவி மேலாளர் இறங்க மாட்டார். அவர் திங்கட்கிழமை எனக்கு மூன்றாவது மேசையில் இருப்பார். என் குறட்டையைத் தேநீர் வேளையில் நடித்துக் காட்டுவார். அதைவிடக் கொடுமையாக, நடித்துக் காட்டாமல் என்னைப் பார்த்துப் புன்னகை செய்வார். ஆடம்ஸுக்கு இருபத்தைந்து ஆண்டு கழித்தும் உறுத்தியது ஜன்னல்தானா என்பதில் அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம்.

உறவினர் வீட்டில் தங்குவது என்ற உபாயத்தை அனுபவமில்லாதவர்கள் சிலாகிப்பார்கள். திருச்சியில் அத்தை இருக்கிறாள் என்றால், வாடகை பூஜ்யம் என்று எண்ணிவிடக்கூடாது. அரைக் கிலோ இனிப்பு, ஒரு சீப்புப் பூவன் பழம், ஒரு முழமல்ல, நான்கு முழம் மல்லிகை, குழந்தைகள் கையில் கொடுக்கும் இருநூறு ரூபாய் ஆகியவற்றைக் கூட்டினால் சிங்கிள் அறையின் வாடகையை அது தொட்டுவிடும். இரவு பதினொன்றரை வரை சொத்துத் தகராற்றைக் கேட்டுக்கொண்டிருப்பதற்குக் கூலி தனி. கணக்குப் பிரிவு இவற்றுக்கு ரசீது கேட்டால் அத்தையிடம் வாங்கவும் முடியாது.

ஒற்றைப்படை உபாயம் என்றொன்று உண்டு. குழுவில் மூவர் அல்லது ஐவர் இருந்தால் ஒருவர் தனித்துவிடப்படுவார். அந்த ஒருவர் நாமாக இருக்க வேண்டும். இதற்காகத் தம்மைத் தாமே குறட்டைக்காரர் என்று முன்கூட்டிப் பிரகடனம் செய்துகொள்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், நானும் செய்தேன். "என்னோடு இருந்தால் உங்களுக்குத்தான் சிரமம், அதற்காகச் சொல்கிறேன்" என்று தியாக பாவத்தோடு கூறவேண்டும். இரண்டு பயணங்கள் வரை இது அற்புதமாகப் பலித்தது. மூன்றாவது பயணத்தில், பயண ஏற்பாட்டைக் கவனிக்கும் அம்மையார் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்: குறட்டைக்காரர்களின் பட்டியல் ஒன்று தயாரித்து, எங்களை இருவர் இருவராகச் சேர்த்துவிட்டார். என் பங்குக்கு வந்தவர் மெய்யான குறட்டைக்காரர். விடியற்காலையில் எழுந்து, "நீங்க குறட்டை விடறதாச் சொன்னாங்க, ஒண்ணுமே கேக்கலியே சார்" என்று அவர் ஆச்சரியப்பட்டார். நான் உறங்கியிருந்தாலல்லவா கேட்டிருக்கும்!

இவ்வாறு காலம், நாழிகை, ரசீது, பஞ்சாங்கம் எல்லாவற்றையும் கற்றுத் தேர்ந்து, சென்ற மார்கழியில் தென் மாவட்டத்துக் கோயிலூர் ஒன்றுக்கு நானும் அதே மெய்க் குறட்டைக்காரரும் தணிக்கைக்குப் போனபோது, இச்சாஸ்திரம் முழுமை பெற்றுவிட்டதென்றே கருதினேன். முகூர்த்தமில்லை, பௌர்ணமியில்லை, படி ஆளுக்கு 1,200, மாடி லாட்ஜ் 900, இருபத்து நான்கு மணி நேர வழக்கு, ஜி.எஸ்.டி. ரசீதும் தருவதாக வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். சகாவும் மறுப்பின்றித் தெரு முனையில் இருந்த வேறொரு லாட்ஜைத் தேடிப் போய்விட்டார். இரவு ஒன்பதரை மணிக்கு ரிசப்ஷன் மேசையின் முன் பெட்டியை வைத்துவிட்டு, ஆதார் நகலையும் எடுத்து நீட்டி, "ஒரு சிங்கிள்" என்றேன். இருபத்திரண்டு ஆண்டு விரதத்தின் பலனைக் கேட்கும் குரலில் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

மேசைக்குப் பின்னிருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "கூட யாரும் வந்திருக்காங்களா சார்?"

"இல்லை. நான் மட்டும்தான்."

"தனி ஆளுக்கு ரூம் குடுக்கிறதில்ல சார். ஓனர் ஆர்டர். முன்னாடி ஒரு தடவை பிரச்சனை ஆயிடுச்சு" என்றான். என்ன பிரச்சினை என்று நான் கேட்கவில்லை. தனியாக அறை எடுத்தவன் காலையில் கதவைத் திறக்காமற்போவதும், போலீஸார் வருவதும் லாட்ஜ்காரர்களின் நித்திய பயம் என்பது எனக்குத் தெரியும். என் நிறுவன அடையாள அட்டையைக் காட்டினேன். பேரன் புகைப்படத்தைக் காட்டினேன். வாழ்வில் எனக்கு யாதொரு விரக்தியும் கிடையாதென்று வாய்மொழியாகவும் உறுதி கூறினேன். பையன் இரங்கினானே தவிர இணங்கவில்லை. "ரெண்டு பேராப் போட்டு டபுளா எடுத்துக்கங்க சார், இப்பவே சாவி தர்றேன்" என்றான்.

சகாவைக் கைபேசியில் அழைக்கலாமா என்று நான் நின்று யோசித்துக்கொண்டிருக்கையில், வாசற்படியில் நிழல் தட்டியது. தெரு முனை லாட்ஜில் அவருக்கும் அதே விடை கிடைத்திருந்தது. பெட்டியை இறக்கி வைத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டில் என் பெயருக்குக் கீழே தம் பெயரை எழுதினார். மாடிப்படி ஏறும்போது பின்னாலிருந்து கேட்டார்:

"சார், ஃபேனை அஞ்சுல வெச்சா உங்களுக்கு ஒத்துக்குமா?"